ஐந்து மாத அண்ணன்

பிப்ரவரி 9

டேய் அண்ணா,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைக்கிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? வாண்டுக்கு முன்பல் ஆடுகிறதாமே. விழுந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்கு எடுத்து வை. பல் செட் செய்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

போனை வைத்துக்கொண்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார், அடுப்படியில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவாள். விஷயம் கைகூடும்வரை அவர்கள் காதுக்குப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் நீ இருக்கிற நாட்டில். உன் ஊரிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு பெரிய பல் லேப். மூன்று பற்களை மெழுகில் செதுக்கி பார்சலில் அனுப்பச் சொன்னார்கள். கடைவாய்ப்பல் ஒன்றை மட்டும் நான்கு தடவை செதுக்கினேன். பத்தே நாளில் வேலைக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு வருஷப் பயிற்சி விசா, முடிந்தால் அங்கேயே நிரந்தர வேலை. அக்டோபர் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

ஒரே ஒரு முள். சேருகிற அன்றைக்கு முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. காகிதப்படி எனக்கு வருகிற ஜூன் பத்தாம் தேதியே முப்பது முடிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசு மருத்துவமனை லேப் வேலையும் இந்தத் தேதியால்தான் மூன்று மாத வித்தியாசத்தில் கைநழுவிப் போனது. அப்போது அழுதுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை இருக்கப்போவதில்லை. போன வாரம் அம்மாவின் பெட்டியில் என் தடுப்பூசி அட்டை கிடைத்தது. அதில் நான் பிறந்தது அக்டோபர் மூன்று, அதுவும் காகிதத்தில் இருப்பதற்கு அடுத்த வருஷம்! பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் தப்பாக எழுதிவிட்டார் என்று அப்பா சொல்வாரே, அவர் தப்பு செய்தது ஒன்றேகால் வருஷத்துக்கும் மேல். மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடி, எல்லாக் காகிதத்தையும் திருத்தப் போகிறேன். அப்படிப் பார்த்தால் சேருகிற அன்று எனக்கு வயது இருபத்தெட்டுதான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று வேண்டும். விண்ணப்பத்தில் ‘இந்த நாட்டில் வசிக்கும் உறவினர்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. உன் குடியிருப்பு அட்டை எண்ணும் அதன் நகலும் அனுப்பி வை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி

*

மார்ச் 17

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், குளித்த பிறகு தேய்க்கச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் அண்ணி கைதட்டினாள். வாண்டு எதற்கு என்று தெரியாமல் தானும் தட்டினாள். பல் விழுந்துவிட்டது, டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சலவை ஆலையில் ஆள் பற்றாக்குறை. ஏழு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வருகின்றன. ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் நேராக விட வேண்டும், கொஞ்சம் கோணினால் மொத்தமும் கோணல். போன வாரம் ஒரு தலையணை உறையிலிருந்து பல் செட் விழுந்தது. மேஸ்திரி பயந்து பின்னால் குதித்தார். நான் மட்டும் ‘கீழ்வரிசை, பழைய வேலை’ என்றேன். உன் அண்ணன் என்றால் சும்மாவா.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஓடிய தேதியை இப்போது ஏன் கிளற வேண்டும்? காகிதத்தில் கை வைத்தால் ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். முப்பது தாண்டியவர்களுக்கு வேறு விசாவும் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷ அனுபவம், ஒரு தேர்வு, அவ்வளவுதான். அவசரமில்லையே.

குளிர் குறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

டேய் அண்ணா,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தைலம் வந்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு “இது மெஷினுக்குப் போடுற எண்ணெயா?” என்றார். ஆனாலும் தேய்க்கிறார்.

அவசரமில்லையாமே! லேப் எனக்காக இரண்டு வருஷம் வாசலில் நிற்குமா?

மருத்துவமனைப் பதிவேடு கிடைத்துவிட்டது. பதிவறை எழுத்தர் முதலில் “அதெல்லாம் எப்பவோ போயிருக்கும்மா” என்றார். நான் ஐந்தாவது நாளும் போய் உட்கார்ந்ததும், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலேயே தேடிக் கொடுத்துவிட்டார். அக்டோபர் மூன்று, காலை ஆறு நாற்பது, பெண். அம்மா பெயர், அப்பா பெயர், அப்போதைய வீட்டு முகவரி, எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது.

இனி மறைக்க முடியாது என்று வீட்டில் சொன்னேன். வேலைக்கு அப்பா சந்தோஷப்பட்டார். தேதி என்றதும் “ஹெட்மாஸ்டர் எழுதினதுக்கு நான் என்ன பண்ண முடியும்” என்று எழுந்து போய்விட்டார். அம்மாதான் உடைத்தாள்.

“ஹெட்மாஸ்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் அண்ணன் பள்ளிக்கூட வாசல்ல உருண்டு புரண்டு அழுதான். நீ கூட வந்தாதான் உள்ள போவேன்னு அடம். அஞ்சு வயசு முடிஞ்சாதான் சேர்ப்பாங்க. அன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்தது, ஜூன் பத்து. ‘இன்னைக்கோட இவளுக்கு அஞ்சு முடியுது’ன்னு உங்கப்பா வாய் கூசாம சொல்லிட்டார். பையனுக்கு ஜனவரில பிறந்தநாள்னு அவருக்கு அந்த நேரத்துல ஞாபகம் வரல.”

புரிகிறதா? அதனால்தான் நமக்குள் ஐந்து மாதம். ஒரே அம்மாவுக்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள்! எனக்கு அப்போது நான்கு வயதுகூட ஆகவில்லை. உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்தேன் என்று வாத்தியார் எனக்கு ஒட்டுப்புல் என்று பெயர் வைத்தார். “ஒட்டுப்புல் நீ இல்லடி, அவன்தான்” என்று அம்மா சிரிக்கிறாள்.

உனக்கு இது ஞாபகம் இருந்ததா?

அட்டை எண் அனுப்ப மறந்துவிட்டாய். போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வாண்டுவிடம் கொடுத்துவிடுகிறாய். அவளுக்கு உன் அட்டை எண் தெரியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தங்கச்சி

*

ஏப்ரல் 28

அன்புள்ள ஒட்டுப்புல்லுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே அவசரமாக எழுதுகிறேன்.

எனக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. சின்ன வயது.

அட்டை விஷயம். என் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. இந்த வருஷம் முடிவு வரும். அதனால் எண் மாறலாம். நீ அந்தப் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடு. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உறவினர் இருந்தால்தான் விசா என்று ஒன்றுமில்லை.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மே 22

டேய் அண்ணா,

இங்கே நலம். உன் போன கடிதம் தந்தியைப் போல இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பெரிய செய்தி, அப்பா வந்தார்! திருத்தத்துக்குத் தகப்பனின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் சுற்றினார். ஒரு காலை நானாகக் கேட்பதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த முழங்காலோடு வக்கீல் ஆபீஸின் இரண்டாவது மாடிக்கு ஏறினார். வக்கீல், “பள்ளி நிர்வாகத்தின் தவறால்னு போட்டுடலாமா சார்?” என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தார். “வேண்டாம். நான்தான் சொன்னேன். அப்படியே போடுங்க” என்றார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறப்புச் சான்றிதழ் திருந்திவிட்டது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. எனக்கு ஒரே வாரத்தில் ஒன்றேகால் வயது குறைந்திருக்கிறது, லேபில் எல்லோரும் என்ன க்ரீம் என்று கேட்கிறார்கள்.

‘இல்லை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா அப்படிக் கையெழுத்துப் போட்ட பிறகு நான் அடுத்த பக்கத்தில் பொய் எழுதினால் நன்றாகவா இருக்கும்? அதனால் எண் என்கிற இடத்தைக் காலியாக விட்டு, உன் பெயர், முகவரி, பிறந்த தேதி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மே பத்தொன்பதாம் தேதி ரசீது கிடைத்தது. உறவு என்கிற இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதும்போது சும்மா ஒரு சந்தோஷம்.

வாண்டுக்கு முத்தம்.

தங்கச்சி

*

ஜூன் 26

அண்ணா,

எல்லோரும் சுகம். நீ ஒரு மாதமாக எழுதவில்லை. வேலை அதிகம் போல.

விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் குறிப்பிட்ட பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் உள்ளவரின் கோப்பில் ‘உடன்பிறந்தவர்கள்: இல்லை’ என்று பதிவாகியிருக்கிறதாம். நான் பொய்த் தகவல் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்களாம். பிறந்த தேதியை வேறு சமீபத்தில் மாற்றியிருக்கிறேன், சந்தேகம் வராமல் இருக்குமா? ஆகஸ்ட் பத்துக்குள் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் மறுப்பு. பொய்த் தகவல் என்று மறுத்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு நான் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது.

எழுத்தர் யாரோ தப்பாகப் பதிந்திருப்பார் என்று நினைக்கிறேன். அல்லது உன் பெயரிலும் தேதியிலும் அந்த முகவரியில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்னவோ. நீ ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார்.

நானும் அப்படித்தான் அப்பாவிடம் சொன்னேன்.

தங்கச்சி

*

ஜூலை 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

வேறு யாரும் இல்லை, அது நான்தான். உனக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் எழுத்தர் தலையில் போட்டு எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியைத்தான் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஏஜென்ட் ஆபீஸில் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தேன். உன் பெயரையும் ஜூன் பத்தையும் எழுதிக் காட்டினேன். ஏஜென்ட் இரண்டு தேதியையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ரெண்டும் ஒரே அம்மாவா? அஞ்சு மாசத்துலயா? ஆபீசர் பிடிச்சுக்குவான். தேதியை மாத்த நாளாகும். பேசாம ஆளை எடுத்துடுங்க” என்றார். புது ஃபார்ம் கொடுத்தார். ‘இல்லை’ என்கிற கட்டத்தில் ஒரு டிக் அடித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இது எங்கே யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஞாபகமில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். பள்ளிக்கூட வாசல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பதுவரை.

இப்போது நான் போய்த் திருத்தினால், ஐந்து வருஷமாகப் பொய்த் தகவல் கொடுத்தவன் ஆகிவிடுவேன். என் அட்டை போனால் அண்ணியின் அட்டையும் போகும், வாண்டுவின் பள்ளிக்கூடமும் போகும். தினமும் உருளைக்குள் விரிப்பை விடும்போதெல்லாம் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

கேட்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். நீயாகவே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பொய்த் தகவல் என்று வராது. என் முடிவு வந்த பிறகு அடுத்த வருஷம் போடலாம். அப்போதும் உனக்கு வயது இருக்கிறதே.

கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லமாட்டேன்.

அண்ணன்

*

ஜூலை 23

அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். கையில் ஒரு மேல்வரிசை மெழுகு இருந்தது. படித்து முடித்துப் பார்த்தால் நசுங்கிப் போயிருந்தது. வலிக்கிறதுடா. விசாவுக்காக இல்லை. ஐந்து வருஷமாக ஒரு காகிதத்தில் நான் பிறக்கவே இல்லை. அதற்குப் பிறகும் நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து “என்னடி ஒட்டுப்புல்” என்று சிரித்திருக்கிறாய்.

எனக்கு அந்த முதல் வகுப்பைப் பற்றி ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாது. வருஷம் முழுக்கத் தொடவில்லை. வகுப்பிலேயே நான்தான் கடைசி. வாத்தியார் அடித்தபோது “என் தங்கச்சி சின்னவ சார்” என்று நீ எழுந்து நின்றாய். உனக்கும் சேர்த்து அடி விழுந்தது. வெளியே நின்று அழுத அதே பையன்தான் அது. அதையும் நான் மறக்கவில்லை.

லேப் இடத்தை அடுத்த வருஷம்வரை வைத்திருக்காது. அதைக் கேட்டும் பார்த்துவிட்டேன். ஆனால் வாண்டுவின் பள்ளிக்கூடம் என்று எழுதிவிட்டாய். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கும் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ‘காரணம்’ என்கிற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. நான்கு நாள் யோசித்தேன், எதை எழுதினாலும் பொய்யாக இருக்கிறது. அதை நீயே நிரப்பி அங்குள்ள அலுவலகத்தில் கொடுத்துவிடு. ஆகஸ்ட் பத்துக்குள் கொடுத்தால் போதும்.

நீ என்ன எழுதினாலும் அது என் கையெழுத்துக்கு மேலேதான் இருக்கும்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது, நீ பயந்துகொண்டே பிரிப்பாய்.

உன் படிவம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘குடும்பக் காரணங்கள்’ என்று எழுதப் போனேன். பேனா முனை காகிதத்தில் பட்டுவிட்டது. அண்ணி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “நாளைக்கு வாண்டுக்கு ஒரு தம்பி பிறந்து, அவன் இப்படி ஒரு கட்டத்துல டிக் அடிச்சா உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். பிறகு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

நேற்று மூன்று பேருமாகப் போனோம். டோக்கன் நூற்றுப் பதினேழு. பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போகக் கால் வரவில்லை. சிரிக்காதே, வாண்டு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கவுன்டரில் நடுவயதுப் பெண் அதிகாரி. ஐந்து மாதக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பாவின் பத்திரத்தின் நகல் உன் கோப்பில் இருந்தது. அதைப் பொறுமையாகப் படித்தார். “உங்க அப்பா உண்மையைச் சொல்ல இருபத்தஞ்சு வருஷம். உங்களுக்கு அஞ்சு. பரவாயில்லை, குடும்பம் தேறுது” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர்களாகக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிடும் முன்பு நானாக வந்து திருத்தியதால் கோப்பை மூடமாட்டார்களாம். ஆனால் என் விண்ணப்பம் வரிசையில் பின்னால் போகும். இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை பழைய அட்டைக்கே நீட்டிப்பு, வாண்டுவின் பள்ளிக்கு ஒன்றுமில்லை. கடைசி முடிவு என்னவென்று யாரும் உறுதி தரவில்லை. ஆனாலும் நேற்று இரவு ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

உனக்கு அவர்கள் அனுப்பிய கேள்விக் கடிதத்துக்கு என் விளக்கத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு முத்திரை வைத்துவிட்டார்கள். திருத்திய பக்கத்தின் நகல் இதோடு இருக்கிறது. நீயே பார்த்துக்கொள்.

உன் படிவத்தைக் கொடுக்கவில்லை. அதையும் திருப்பி அனுப்புகிறேன். ‘காரணம்’ கட்டத்தில் வாண்டு ஒரு பல் வரைந்துவிட்டாள். இனி அது செல்லாது.

வா.

அண்ணன்

*

செப்டம்பர் 15

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

எல்லோரும் ரொம்ப ரொம்ப நலம். விசா வந்துவிட்டது!

பாஸ்போர்ட்டைப் பிரித்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் விசாவைப் பார்க்கவில்லை, பிறந்த தேதியைத்தான் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார். அம்மா இரண்டு நாளாக என் பெட்டியில் எதையாவது வைத்துக்கொண்டே இருக்கிறாள், நான் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். போர்வை மட்டும் மூன்று. அண்ணன் சலவை ஆலையில் இருக்கிறான், அங்கே விரிப்புக்கா பஞ்சம் என்றால் கேட்டால்தானே.

அப்பாவிடம் உன் டிக் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க இந்தக் குடும்பத்தில் இனி இடமில்லை. கேட்டுவிட்டு அப்பா, “நான் ஒரு கோடு போட்டேன், அவன் அது மேலயே போயிருக்கான்” என்றார். உன்மேல் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய், டிவியை அணைத்தே வைத்திருப்பார்.

எனக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நேரில் வந்து நான்கு திட்டு திட்டினால் தீர்ந்துவிடும், தயாராக இரு. உன் அட்டை வருகிறவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேர ரயிலில் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். அடுத்த முறை அந்தக் கவுன்டரில் கூப்பிட்டால் வாண்டுவை இழுக்க வேண்டாம், நானே கூட வருகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு விமானம் இறங்குகிறது. நீங்கள் மூன்று பேரும் வாசலில் நிற்பீர்கள் என்று அண்ணி எழுதியிருந்தாள். இறங்கியதும் ஒரு அதிகாரி, இந்த நாட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாராம். பதிலை இப்போதே சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். அண்ணன் இருக்கிறான், ஒன்றே முக்கால் வருஷம் மூத்தவன் என்று சொல்வேன்.

நீ அனுப்பிய பக்கத்தைக் கண்ணாடி உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் உன் கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். உடன்பிறந்தவர்கள்: ஒரு தங்கை.

நம்பவில்லை என்றால் அதிகாரியிடம் அதைக் காட்டுவேன்.

உன் தங்கை